மொய் நோட்டில் ஏறாத கணக்கு

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்தில் பந்தல்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. மொய் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதும் மொய் வாங்குவதும்தான் விசேஷம். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஒரு பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும், இன்னொரு பக்கம் வரிசையாக மேசைகள். ஒருவர் பணத்தை எண்ண, ஒருவர் நோட்டில் எழுதுவார்: பேர், ஊர், தொகை. மொய் வைத்தவர் பின்னொரு ஆண்டில் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். உறவு தொடர வேண்டுமானால் மேலே கொஞ்சம் புதிதாகவும் வைக்க வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள் உண்டு, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு, திருப்பிச் செய்ய முடியாமல் நொடித்துப்போனவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஊர் ஒன்றில்தான் நான் சொல்லப்போகும் வீடு இருக்கிறது. ஊரும் பேரும் வேண்டாம். மகன் சிங்கப்பூரில். வீட்டில் மாமனாரும் மருமகளும், பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனும். மாமனாருக்கு ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய். ஊரில் அதைக் கைநடுக்கம் என்பார்கள். வாதம் என்பவர்களும் உண்டு. கடைசி இரண்டு வருடமாக ஞாபகமும் தப்பத் தொடங்கியிருக்கிறது. மொய் விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மருமகள் சொன்னார்: “எல்லாரு வீட்டு மொய்யும் கரெக்டா குடுத்து விட்ருவோம் சார். நாந்தான் எங்கயும் போறதில்ல. மூணு வருசமாச்சு.”

நரம்பு நோய்களைப் பற்றிய நூல்களில் நோயாளியின் மூளைக்கு நூறு பக்கம் இருக்கும். அவரைத் தூக்கி உட்கார வைப்பவருக்கு, கடைசியில் ஒரு பத்தி இருக்கும், ‘குடும்பத்தினரின் ஒத்துழைப்பு அவசியம்’ என்று. இந்த அத்தியாயத்தில் அந்த விகிதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம்.

அந்த வீட்டுக் காலைப் பொழுதிலிருந்து தொடங்குவோம். ஐந்தரைக்கு முதல் சின்டோபா மாத்திரை. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் உண்டு. பார்க்கின்சன் நோயில் அவை வருடக்கணக்காகச் செத்துக்கொண்டே வரும். கை நடுக்கம் வெளியே தெரியும்போது பெரும்பகுதி போயிருக்கும். மாத்திரையில் உள்ள லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறி அந்தக் குறையைக் கொஞ்ச நேரத்துக்குச் சரிக்கட்டும். குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் அது ஏறுகிற வழியில்தான் புரதத்தின் அமினோ அமிலங்களும் ஏறுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் டவுன் பஸ் வாசல்படி போலத்தான். “கறி எடுத்த அன்னைக்கு மத்தியானம் மாத்திரை வேலை செய்யல சார்” என்று மருமகள் தானாகவே கவனித்துச் சொன்னார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மாமனார் திண்ணை வரை நடப்பார். நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு வீம்பு பண்ணுவது போலத் தோன்றும். “இவ்வளவு தூரம் நல்லாத்தானே வந்தாரு?” என்பார்கள். உறைநடை என்று இதைச் சொல்லலாம். வாசல், திருப்பம், குறுகலான இடம் ஆகியவற்றில்தான் அதிகம் வரும். யோசிக்காமல் நடக்கிற நடையை நடத்திவைப்பது மூளையின் அடிப்பகுதி முடிச்சுகள். டோபமின் இல்லாமல் அவை தடுமாறுகின்றன. ஆனால் கண்ணால் ஒன்றைப் பார்த்து அதைத் தாண்டும் வேலைக்கு மூளையில் வேறு பாதைகள் இருக்கின்றன. தரையில் குறுக்குக் கோடு போட்டால் உறைந்த கால் நகர்கிறது என்பதை லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இல் எழுதிவைத்தார்.

இந்த வீட்டில் அதைக் கண்டுபிடித்தது வாசல் கோலம். கோலத்தைத் தாண்டும்போது மட்டும் மாமனாரின் கால் தயங்கவில்லை. அதைப் பார்த்த மருமகள், ரேழியிலிருந்து கழிப்பறை வரை காலடிக்கு ஒன்றாகச் சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டார். கழுவினால் அழியும், மறுபடி இழுப்பார். நான் போன அன்று பதினான்கு கோடுகள் இருந்தன. ஒரு கோடு சுவரோரமாக வளைந்திருந்தது. “அது பையன் போட்டது” என்றார்.

இவ்வளவு செய்கிறவரை எந்தப் பெயரால் அழைப்பது? ‘பராமரிப்பாளர்’ என்று அரசாணைகள் சொல்கின்றன. கேட்டால் அவர் சொல்லும் பதில், “நான் சும்மா வீட்டுல இருக்கேன்.”

1980இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட் என்ற உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். மறதிநோய் வந்த முதியவர்கள் 29 பேர், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் 29 பேர். பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். நோய் முற்ற முற்ற, இரவில் எழுந்து நடப்பதும் கேட்டதையே கேட்பதும் கூடக் கூட, சுமையும் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அந்த 29 வீடுகளில் அப்படி இல்லை. நோயின் கடுமைக்கும் சுமைக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது இன்னொன்றோடு: நோயாளியைப் பார்க்க மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்துபோகிறார்கள் என்பதோடு. வருகை கூடக் கூடச் சுமை குறைந்தது. சின்ன ஆய்வுதான், பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் நோயாளியின் நடத்தைக் கோளாறுகளுக்கும் பங்கு உண்டு என்று காட்டின. ஆனாலும் 22 கேள்விகளாகச் சுருங்கிய அந்தக் கேள்வித்தாள் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது.

நம் ஊரில் வருகைக்குக் குறைவில்லையே என்று தோன்றலாம். உண்மைதான், முதல் மாதத்தில். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், ரொட்டிப் பாக்கெட் என்று அலமாரி நிறையும். ஒரு சீப்பு பழத்தோடு ஆளுக்கு ஒரு வைத்தியரின் பேரையும் விட்டுப்போவார்கள். “அங்க கொண்டு போய்ப் பாத்தியா?” “எண்ணெய் தேச்சு விட்டியா?” “நீ சரியாப் பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது” என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் காபி டம்ளரைக் கீழே வைக்கும் விதத்தில் அது இருக்கும். இந்த வகை வருகையை ஸாரிட்டின் கேள்வித்தாளில் வைத்து அளந்தால் சுமை ஏறித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். இரண்டாம் வருடத்தில் அதுவும் நின்றுவிடும்.

சுமை என்பது மனக்குறை மட்டும்தானா? அதற்குப் பதிலைத் தோலில் எழுதிக் காட்டியவர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகால்ட்-கிளேசர். 1995இல் அவருடைய குழு, மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சிறு காயத்தை உண்டாக்கியது. அவர்கள் சம்மதத்தோடுதான். அதே வயதில், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் அதே அளவுக் காயம். பிறகு காத்திருந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்காத நாள், காயம் ஆறிய நாள். பொறுப்பு இல்லாத பெண்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு 48.7 நாள். ஒன்பது நாள் கூடுதல். காயத்தை ஆற்றத் தொடக்கக் கட்டத்தில் தேவைப்படும் நோயெதிர்ப்புச் சமிக்ஞை ஒன்றும் அவர்கள் ரத்த அணுக்களில் குறைவாகவே உண்டானது. அரிவாள்மனையில் பட்ட வெட்டு ஏன் ஆறாமல் இருக்கிறது என்று வீட்டில் யாராவது யோசித்தால், விடை பக்கத்து அறைக் கட்டிலில் இருக்கலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்டு ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் இன்னும் கடுமையான எண்ணைச் சொன்னார்கள். கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதனால் தாங்கள் திணறுவதாகவும் சொன்ன முதியவர்கள், நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகம். இந்த எண் வெகுவாகப் பரவியது. பார்த்துக்கொள்வதே ஆளைக் கொல்லும் என்று பேசத் தொடங்கினார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். 2013இல் டேவிட் ராத் குழுவினர் அமெரிக்காவில் 3,503 பராமரிப்பாளர்களை அவர்களைப் போன்ற மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பார்த்துக்கொள்பவர்களின் இறப்பு 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. இரண்டு ஆய்வுகளும் முரண்படுவது போலத் தெரிகிறது. ஷுல்ஸ் ஆய்வைத் திரும்பப் படித்தால் முடிச்சு அவிழும்: பார்த்துக்கொண்டும் திணறவில்லை என்று சொன்னவர்களுக்கு அதில்கூட ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை. ஒருவருக்குச் சோறூட்டுவதால் ஆயுள் குறைவதில்லை. கை மாற்ற ஆளில்லாமல் ஊட்டிக்கொண்டே இருப்பதுதான் உடம்பைத் தின்கிறது.

இந்த வீடுகள் எத்தனை? இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. பார்க்கின்சனும் பக்கவாதமும் தனி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 16,18,345 பேர், பெரும்பாலும் கிராமங்கள். அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்தில் மகன்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடு தெருவுக்கு நாலு இருக்கும். 2017இல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும், நரம்பு டாக்டர் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ வண்டி பிடிக்கும் பழக்கம் போகவில்லை.

பெரிய டாக்டர்தான் எல்லாவற்றுக்கும் வேண்டுமா என்ற கேள்விக்குக் கோவாவில் ஒரு பதில் கிடைத்தது. அதற்கு முன் ஒரு சின்ன வரலாறு. 1998இல் கொச்சியில் கூடிய மறதிநோய் ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு ‘10/66’ என்று பெயர் வைத்தார்கள். மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, அந்த நாடுகளில் நடக்கும் ஆய்வு 10 சதவீதம்கூட இல்லை என்ற கோபம்தான் அந்தப் பெயர். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாயின. அந்தக் குழுவின் வழியில் அமித் டயஸும் விக்ரம் படேலும் கோவாவில் நடத்திய சோதனை 2008இல் வெளிவந்தது. 81 குடும்பங்கள். மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்த, உள்ளூர் மொழி பேசும் ஆட்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. அவர்கள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போவார்கள். இது வயசான கோளாறு இல்லை, நோய் என்று விளக்குவார்கள். நோயாளியின் பிடிவாதத்தை எப்படிக் கையாள்வது என்று சேர்ந்து யோசிப்பார்கள். மற்ற உறவினர்களிடமும் பேசி வேலையைப் பங்கு போட வைப்பார்கள். அரசு உதவிக்கு மனு எழுத உதவுவார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரை வரவழைப்பார்கள். ஆறு மாதத்தில், பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. புது மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பாடமும் நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. என் பார்வையில் அது கோவா வெற்றியைவிட முக்கியம். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போதுமான பிசியோதெரபிஸ்டுகள் இல்லை; அப்படியானால் குடும்பத்தாருக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன? ஜெயராஜ் பாண்டியனும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் முன்னின்று, 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ‘அட்டெண்ட்’ என்று பெயர். ஆஸ்பத்திரியிலேயே வீட்டாருக்குப் பயிற்சி, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ச்சி. முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறர் கையை எதிர்பார்த்தே இருந்தவர்கள்: பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், பெறாத குடும்பங்களில் 47 சதவீதம். ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. பயிற்சியின் அளவு போதவில்லையா, தேர்ந்த கைகள் செய்ய வேண்டியதை வீட்டாரிடம் விட்டது தவறா என்று நிபுணர்கள் விவாதித்தார்கள். எனக்குத் தோன்றுவது இது: கோவாவில் வீட்டுக்குள் ஒரு ஆள் கூடுதலாக வந்தார். இங்கே, ஏற்கெனவே நிறைந்திருந்த இரண்டு கைகளில் இன்னொரு வேலை ஏறியது.

ஆள் கூடுதலாக வருவதை ஒரு ஊர்ப் பழக்கமாகவே ஆக்கிக் காட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மலப்புறம் பக்கத்துக் கிராமங்களில் தன்னார்வலர் வலைப்பின்னலாகப் பரவியது. சேர்வதற்குக் கேட்ட தகுதி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பயிற்சி 16 மணி நேரம். மீன் விற்பவரும் ஆசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் அதில் இருந்தார்கள். புற்றுநோயில் தொடங்கி, படுக்கையில் கிடக்கும் பக்கவாத நோயாளிகள் வரை வந்தது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது.

தன்னார்வலர் படை புதுக்கோட்டைக்குப் புதிதா என்ன? 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இந்த மாவட்டம் திரட்டாத ஆட்களா? கல் உடைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி நாடே படித்தது. அன்று சைக்கிள் ஏறியவர்களில் பலருக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். சிலர் கட்டிலிலும், சிலர் கட்டிலுக்குப் பக்கத்திலும் இருப்பார்கள்.

அரசின் கை இப்போது வீட்டு வாசல் வரை நீள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு, படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். வட்டாரத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. புதுக்கோட்டையில் 13 ஒன்றியங்கள். ஒரு ஒன்றியத்துக்கு எத்தனை ஊராட்சி, எத்தனை கட்டில் என்று யோசித்தால், அந்தச் செவிலியர் அடுத்த முறை எப்போது வருவார் என்பது தெரிந்துவிடும்.

பணக் கணக்கு இன்னும் சுருக்கம். பார்க்கின்சன் உள்ளிட்ட நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. வாங்காதவர்கள் வாங்க வேண்டியது. ஆனால் இந்த மருமகள் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் என்று வைத்தாலும், மாதம் 420 மணி நேரம். மணிக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழே. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்றால் கூலி வாங்கியோ வாங்காமலோ பார்த்துக்கொள்ளும் எவரும், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, என்று விளக்கம் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் அவர்கள் பேர் ஏறியது நல்லதுதான். அதே சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது. மறதிநோய் என்ற பேர் இல்லை.

வருகிற ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதிகமில்லை. சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம். தலையில் தட்டி, தண்ணீர் கொடுப்போம். பார்க்கின்சன் நோயாளிக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆபத்து. விழுங்கும் தசைகள் மெதுவாக வேலை செய்வதால், நீர்த்த பொருள் அவை தயாராகும் முன்பே மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டியாக இருப்பது மெதுவாக இறங்கும், சமாளிக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, வாயில் உள்ளது இறங்கிய பிறகே அடுத்த கரண்டி. சிலருக்குப் புரையே ஏறாது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக வரும். சாப்பிட்ட பின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தால் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கோபம் பற்றியது. மாமனார் ஒரு நாளைக்கு இருபது முறை “பஸ்சு வந்துருச்சா?” என்று கேட்பார். இருபத்தோராவது முறை மருமகள் கத்திவிடுவார். “கத்திப்பிட்டு, அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுதுன்னு மனசத் தேத்திக்குவேன்” என்றார். 2010இல் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழு, நினைவைப் பதியும் மூளைப்பகுதி சிதைந்த ஐந்து பேருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டியது. சில நிமிடத்தில் படத்தை மறந்துவிட்டார்கள். சோகம் மட்டும் போகவில்லை. எதற்கென்று தெரியாத சோகம். இதை அவரிடம் சொல்வதா என்று தயங்கினேன். இன்னொரு குற்ற உணர்ச்சியைக் கொடுத்துவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. பிறகு மறுபாதியோடு சேர்த்துச் சொன்னேன்: சந்தோஷக் காட்சிகளைக் காட்டியபோது சந்தோஷமும் அப்படியே தங்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப காலையில அந்தப் பழைய பாட்டுப் போட்டா நல்லா இருக்காரே, அது வீணாப் போகல” என்றார்.

போன வருடம் அந்த வீட்டுக்கு வந்த செவிலியர், மாமனாருக்குப் பிரஷர் பார்த்து முடித்ததும், “நீங்களும் கைய நீட்டுங்கக்கா” என்றாராம். அளந்தார். எண் நன்றாக இல்லை. “கடைசியா எப்பக்கா முழுசாத் தூங்குனீங்க?” அதற்குப் பதில் சொல்ல மருமகளுக்கு நேரம் பிடித்தது. செவிலியர் கிளம்பும்போது எதிர்வீட்டுச் சின்னம்மாவையும் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, கூழ் எப்படிக் கொடுப்பது, கோட்டில் எப்படி நடக்க வைப்பது என்று காட்டிவிட்டுப் போனார். சின்னம்மா செவ்வாய்க்கிழமை மத்தியானம் வருகிறார். இரண்டு மணி நேரம்.

முதல் நாலைந்து செவ்வாயும் மருமகள் தூங்கினார். ஆடியில் ஒரு செவ்வாய் மொய் விருந்து வந்தது. மாமனாரின் பங்காளி வீட்டு விருந்து. இந்த முறை மொய்யைக் கொடுத்து அனுப்பாமல் அவரே போனார். மேசையில் எழுதுகிறவர் பேர் கேட்க, வழக்கம்போலக் கணவர் பேரைச் சொன்னார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். பந்தியில் உட்கார்ந்ததும், இலையில் சோறு சுடச்சுட இருந்ததாகச் சொன்னார். மூன்று வருடமாக அவர் சாப்பிட்டதெல்லாம் ஆறியது. கறிக்குழம்பு முடிந்ததும் போனை எடுத்து மணி பார்த்தார். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. ரசம் ஊற்றச் சொன்னார்.